முதல் ஐந்து லட்சம் யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை. திருச்சி கே.கே.நகரில் ஒரு வீடு. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அப்பா. வயது 66. தனியார் ஆலை ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். வந்திருப்பது, மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் எஸ்.எம்.எஸ். அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கான ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி அது. பன்னிரண்டு வருடங்களாக ஒருமுறைகூடத் தவறாமல் கட்டி வருகிறார்.

"என்னங்க, இந்த வருஷமும் ஏத்திட்டாங்களா?" என்று சமையலறையிலிருந்தே கேட்கிறார் அம்மா.

"ஏத்தாம இருப்பாங்களா? வயசு ஏறுதுல்ல!"

கோவையிலிருந்து வந்திருக்கும் மகளுக்கு வேறு கவலை. "அப்பா, இப்ப இருக்கிற ஆஸ்பத்திரி செலவுக்கு அஞ்சு லட்சம் எந்த மூலைக்குப்பா?" பெங்களூரிலிருக்கும் மகன் நேற்றே போனில் சொல்லிவிட்டான்: "பேசாம 25 லட்சமா மாத்திடுங்க." ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பதோ மூன்றாவது வழி. '20 லட்சம் கவர், மிகக் குறைந்த பிரீமியம், சூப்பர் டாப்-அப்.'

அப்பா கணக்காளர் அல்லவா? மனசுக்குள் உடனே ஒரு கணக்கு ஓடுகிறது. "அஞ்சு லட்சத்துக்கு இவ்வளவு கட்டுறேன். இதுல 20 லட்சத்துக்கு அதுல கால்வாசிகூட இல்ல. பழசை விட்டுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டா என்ன?"

ஓய்வுபெற்ற பலரின் வீட்டிலும் இன்று எழுகிற கேள்விதான் இது. பதில் சொல்வதற்கு முன், அந்தக் குறைந்த பிரீமியத்துக்குப் பின்னால் இருக்கும் நிபந்தனையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிரீமியம் ஏன் குறைவு?

சூப்பர் டாப்-அப் பாலிசியில் 'டிடக்டபிள்' என்று ஒரு தொகை இருக்கும். தமிழில் கழிவுத் தொகை எனலாம். மருத்துவமனைச் செலவில் அந்தத் தொகை வரை காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தராது. அதைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் தரும். முழங்கால் அளவு தண்ணீரை நாமே நடந்து கடக்க வேண்டும். கழுத்தளவு வந்தால்தான் படகு வரும். படகு அடிக்கடி வர வேண்டியதில்லை என்பதால்தான் கட்டணம் குறைவு.

5 லட்சம் கழிவுத் தொகையுடன் 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் எடுப்பவர், 'முதல் 5 லட்சம் என் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கிறார் என்று பொருள். அந்த 5 லட்சத்தை அவருடைய இன்னொரு பாலிசி கொடுக்கலாம், அல்லது அவரே கையிலிருந்து கட்டலாம். வேறு அடிப்படை பாலிசி எதுவும் இல்லாதவர்கூட சூப்பர் டாப்-அப் எடுக்க முடியும். முதல் 5 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த நிறுவனத்தின் கவலை அல்ல.

ஆனால், வீட்டின் கவலை முழுக்க அதுதான்.

டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு

பெயரில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம், பணத்தில் லட்சக்கணக்கில் வித்தியாசம். ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஆகஸ்ட் மாதம் அப்பாவுக்கு இதய சிகிச்சை, செலவு 4.2 லட்சம். அக்டோபரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை, செலவு 3.6 லட்சம். மொத்தம் 7.8 லட்சம்.

சாதாரண டாப்-அப்பில் ஒவ்வொரு முறை அனுமதிக்கப்படும்போதும் கழிவுத் தொகை தனித்தனியாகப் பார்க்கப்படும். 4.2 லட்சமும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, 3.6 லட்சமும் தாண்டவில்லை. கிடைப்பது பூஜ்யம்.

சூப்பர் டாப்-அப்பில் ஒரு பாலிசி வருடத்துக்குள் ஆன செலவுகள் எல்லாம் கூட்டப்படும். 7.8 லட்சத்தில் 5 லட்சம் போக, மீதி 2.8 லட்சம் கிடைக்கும். வயதானவர்களுக்கு ஒரே பெரிய செலவைவிட அடுத்தடுத்து நடுத்தரச் செலவுகள் வருவதுதான் அதிகம். அதனால் ஓய்வுபெற்றவர்கள் பார்க்க வேண்டியது சூப்பர் டாப்-அப்பைத்தான்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி பாலிசி என்றால், கழிவுத் தொகையும் தனித்தனி. மேலே சொன்ன உதாரணத்தில் இருவருமே 5 லட்சத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இருவருக்கும் சேர்த்து ஃப்ளோட்டராக எடுத்து, குடும்பச் செலவு மொத்தமாகக் கணக்கிடப்படும் என்று பாலிசி வாசகத்திலேயே இருந்தால்தான் அந்த 2.8 லட்சம் வரும்.

பழையதை விட்டுவிடலாமா?

அப்பாவின் கணக்குக்கு வரலாம். பழைய பாலிசிக்கு வருடம் 50,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொண்டால் (இது கணக்கு புரிவதற்கான எண்தான், சந்தை விலை அல்ல), அதை நிறுத்தினால் பத்து வருடத்தில் 5 லட்சம் மிச்சம். 'கழிவுத் தொகை முழுவதும் கைக்கு வந்துவிட்டதே!' என்று தோன்றும்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, நோய் பத்து வருடம் காத்திருக்காது. இரண்டாவது வருடமே படுக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்தது ஒரு லட்சம்; கட்ட வேண்டியது 5 லட்சம்.

இரண்டாவது ஓட்டைதான் பெரிது. கழிவுத் தொகை ஒருமுறை கட்டி முடிப்பதல்ல. ஒவ்வொரு பாலிசி வருடமும் அது பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் போன்றவை ஒரு வருடத்தோடு முடிவதில்லை. வருடம் 8 லட்சம் வீதம் மூன்று வருடம் செலவானால், சூப்பர் டாப்-அப் மட்டும் வைத்திருப்பவருக்கு வருடம் 3 லட்சம் வீதம் 9 லட்சம் கிடைக்கும். அவர் கையிலிருந்து போவது 15 லட்சம். வாழ்நாள் சேமிப்பாக இருக்கும் எஃப்.டி. பல வீடுகளில் அவ்வளவுதான்.

பழைய பாலிசிக்கு வேறு மதிப்பும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதில் எப்போதோ முடிந்துவிட்டது. தொடர்ந்து 60 மாதங்கள் கட்டிய பாலிசியில், 'அன்றைக்கு இந்த நோயைச் சொல்லவில்லை' என்று காரணம் காட்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். இது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. முன்பு 8 வருடமாக இருந்ததை 2024-ல் 5 வருடமாகக் குறைத்தார்கள். பாலிசியை ஒருமுறை விட்டுவிட்டால் இந்த உரிமைகள் எல்லாம் போய்விடும்.

'65 வயதுக்கு மேலும் புதிதாக எடுக்கலாம் என்று விதி வந்துவிட்டதே?' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2024 ஏப்ரல் முதல் அந்த வயது வரம்பு இல்லை. ஆனால், எல்லா வயதினருக்கும் பாலிசி வடிவமைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த 70 வயதுக்காரரை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விட்டால் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணி விடக் கூடாது.

25 லட்சமாக உயர்த்துவது நல்லதா?

மகன் சொன்ன வழியையும் எடை போட்டுப் பார்க்கலாம். பழைய பாலிசியையே 25 லட்சமாக உயர்த்தினால் கூடுதல் பிரீமியம் 40,000 ரூபாய். 5 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் சூப்பர் டாப்-அப் எடுத்தால் 12,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், வருடம் 28,000 ரூபாய் வித்தியாசம். கிடைக்கும் மொத்தக் காப்பீடு இரண்டிலும் 25 லட்சம்தான்.

ஒரே பாலிசியாக இருப்பதில் நிம்மதி உண்டு. ஒரே நிறுவனம், ஒரே கார்டு, ஒரே க்ளெய்ம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் தம்பதிக்கு இதன் மதிப்பு குறைவல்ல. சொந்தப் பாலிசிக்கான விலையைக் கேட்டுப் பார்த்து, வித்தியாசம் இரண்டு, மூன்று ஆயிரம்தான் என்றால் உயர்த்திவிடுவதே நல்லது. பல ஆயிரங்கள் என்றால் சூப்பர் டாப்-அப் பக்கம் போகலாம்.

காத்திருப்புக் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய பாலிசியை உயர்த்தினாலும், உயர்த்திய 20 லட்சத்துக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். சூப்பர் டாப்-அப்பும் புது பாலிசி என்பதால் அதிலும் அப்படியே. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதங்கள் காத்திருக்க வேண்டிவரும். அதனால், 'எழுபது வயசுல பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது சரியல்ல. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் மாத்திரை ஒன்றைக்கூட மறைக்கக் கூடாது. "சுகர் இருக்குன்னு போட்டா பிரீமியம் ஏறும் சார், விடுங்க" என்று சொல்லும் ஏஜென்ட், க்ளெய்ம் நாளில் கூட வந்து நிற்கப் போவதில்லை.

தேதியில் ஒளிந்திருக்கும் 2.8 லட்சம்

பலரும் கவனிக்காத இடம் இது. அடிப்படை பாலிசி ஏப்ரல் 10 முதல் ஒரு வருடம். சூப்பர் டாப்-அப்பை யாரோ சொல்லி செப்டம்பர் 1-ல் எடுத்து, வருடாவருடம் அந்தத் தேதியிலேயே புதுப்பிக்கிறார்கள். இப்போது அதே உதாரணத்தை வைத்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் 4.2 லட்சம், அக்டோபரில் 3.6 லட்சம். அடிப்படை பாலிசிக்கு இரண்டும் ஒரே வருடம். 5 லட்சம் கொடுத்ததோடு அது தீர்ந்துவிட்டது. சூப்பர் டாப்-அப்புக்கோ ஆகஸ்ட் என்பது பழைய வருடம், அக்டோபர் புது வருடம். இரண்டு வருடத்திலும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை. எனவே, அதிலிருந்து எதுவும் வராது. இரண்டு பாலிசியும் ஒழுங்காகக் கட்டியும் 2.8 லட்சம் கையிலிருந்து போகும்.

தீர்வு எளிது. இரண்டு பாலிசிகளும் ஒரே தேதியில் தொடங்கும்படி, அடிப்படை பாலிசியைப் புதுப்பிக்கும் நாளிலேயே சூப்பர் டாப்-அப்பையும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நிறுவனமாக இருந்தால் க்ளெய்ம் சமயத்தில் அலைச்சல் குறையும்.

இன்னொருவர் பாலிசியை நம்பலாமா?

'முதல் ஐந்து லட்சத்துக்கு மகனுடைய ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று சொல்லும் பெற்றோர் உண்டு. மகன் வேலை மாறினாலோ, பெற்றோருக்கான காப்பீட்டை நிறுவனம் நிறுத்தினாலோ, அந்த 5 லட்சம் ஒரே நாளில் காணாமல் போகும். சூப்பர் டாப்-அப் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு வேறொரு சிக்கல். 2022 ஜூலையில் தொடங்கிய ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் என்பது நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. முதல் வருடமே 3 லட்சம் செலவானால், மீதி மூன்று வருடங்களுக்கு இருப்பது 2 லட்சம்தான். சூப்பர் டாப்-அப்போ ஒவ்வொரு வருடமும் முழு 5 லட்சத்தைக் கழிக்கும். இடையில் விழும் 3 லட்சம் பள்ளத்தை ஓய்வூதியர்தான் நிரப்ப வேண்டும். இவர்கள் கழிவுத் தொகை 3 லட்சமாக உள்ள பாலிசியைப் பார்க்கலாம். பிரீமியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பள்ளம் சிறியதாகும்.

அடிப்படை பாலிசியே இல்லாதவர்கள், வயது அல்லது நோய் காரணமாக அது கிடைக்காதவர்கள் என்ன செய்வது? சூப்பர் டாப்-அப் கிடைத்தால் அதை மட்டுமாவது எடுக்கலாம். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால், கழிவுத் தொகை அளவுக்குப் பணத்தைத் தனி எஃப்.டி.யில் போட்டு, அதைப் பேத்தி கல்யாணத்துக்கோ வீட்டு மராமத்துக்கோ தொடாமல் வைக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு, வருமான வரம்பு இல்லாமல் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குத் தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அவரவருக்கு எது பொருந்தும் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள முதல்வர் காப்பீட்டுத் திட்ட மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்...

* அறை வாடகை: அடிப்படை பாலிசியில் அறை வாடகைக்கு 1 சதவிகித வரம்பு இருந்தால், 5 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவை சிகிச்சை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு விழக்கூடும். இரண்டு பாலிசியிலும் இந்த வரம்பைப் பார்க்க வேண்டும்.

* எந்தச் செலவு கணக்கில் வரும்: பொதுவாக, பாலிசி ஏற்கும் செலவுகள்தான் கழிவுத் தொகைக்கான கூட்டலில் சேரும். கையுறை, முகக்கவசம் போன்று ஏற்கப்படாதவற்றுக்கு நாம் கட்டிய பணம் அதில் சேராது. பில் 5.4 லட்சம் என்றாலும், ஏற்கப்பட்டது 4.9 லட்சம் என்றால் சூப்பர் டாப்-அப் திறக்காது.

* கோ-பே: வயதானவர்களுக்கான சில பாலிசிகளில் ஒவ்வொரு க்ளெய்மிலும் இவ்வளவு சதவிகிதம் நீங்களே கட்ட வேண்டும் என்று இருக்கும். கழிவுத் தொகைக்கு மேல் இதுவும் சேர்ந்தால் சுமை இரட்டிப்பு.

* பிரீமியம் உயர்வு: மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்தில் 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவானது. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

* வரிச் சலுகை: பழைய வரி முறையில் இருக்கும் மூத்த குடிமக்கள் 80டி பிரிவில் 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இது கிடையாது.

* 30 நாள் அவகாசம்: பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

க்ளெய்ம் நாளில்

முதல் பில் சிறியதாக இருந்தாலும் சூப்பர் டாப்-அப் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது பில் வரும்போது முதல் பில்லுக்கான ஆதாரமும் தேவைப்படும். அடிப்படை பாலிசி நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்ற செட்டில்மென்ட் கடிதம், பில்களின் சான்றளித்த நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை அந்த வருடம் முடியும்வரை ஒரே ஃபைலில் வைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நிறுவனம் என்றால், இரண்டாவது பகுதியைக் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டிய நிலையும் வரலாம். அதற்கும் கையிருப்பு வேண்டும்.

நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் செய்யலாம். உதவி எண் 155255. சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகமும் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

திருச்சி வீட்டில் என்ன முடிவானது?

மகள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினாள். பழைய 5 லட்சம் பாலிசி அப்படியே தொடரும். அதற்கு மேல் 20 லட்சம் சூப்பர் டாப்-அப், இருவருக்கும் சேர்த்து, அதே தேதியில். பாலிசி ஏற்காத செலவுகளுக்காகவும், முதல் மூன்று வருடக் காத்திருப்புக்காகவும் 2 லட்சம் ரூபாய் தனி எஃப்.டி. "நான் பழசை விடலாம்னு நினைச்சேனேம்மா" என்று சிரித்தார் அப்பா.

அதுவரை பேசாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "எல்லாம் சரிங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க ஐ.சி.யூ.ல இருந்தா, நான் எந்த கார்டைக் காட்டணும்? யாருக்கு போன் பண்ணணும்? அந்த எஃப்.டி. யார் பேர்ல இருக்கு?"

வீட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எஃப்.டி. அப்பா பெயரில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை இருவரும் வங்கிக்குப் போனார்கள். எஃப்.டி. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாறியது. இரண்டு பாலிசி எண்களும், உதவி எண்களும், எது முதலில், எது இரண்டாவது என்பதும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் ஏறின. அந்தத் தாள் இப்போது பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதன் படம் ஒன்று அம்மாவின் போனிலும் இருக்கிறது.